மூன்றாம் ஓலைக்கு முந்தின டிரெய்லர்

ஸ்டான்லிக்கு டிரெய்லர் வெட்டுவதுதான் பிழைப்பு. அதுவும் காதல் காமெடி என்றால் தெலுங்குத் தயாரிப்பாளர்கள் பிலிம்நகரில் நேரே அவரைத்தான் தேடி வருவார்கள். படம் எத்தனை சவசவ என்றிருந்தாலும் இரண்டே நிமிடத்தில் ஊரை நம்பவைத்துவிடுவார் மனிதர்.

அவர் கணக்கு எளியது. ஹைடெக் சிட்டியில் புதிதாகச் சம்பளம் வாங்கும் பெண்கள் வெள்ளிக்கிழமை தோழிகளோடு மல்டிபிளெக்ஸுக்கு வரவேண்டும். அவர்களுக்குக் காதல் வேண்டும், அழுகை ஆகாது. ஆகவே முதல் பத்து வினாடிக்குள் கதாநாயகி எதிலாவது தடுக்கி விழுவாள். தாங்கிப் பிடிக்கிறவன் ஹீரோ. அடுத்து பெண்ணின் அப்பா. அவர் எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவு சிரிப்பு. பெண் அழும் காட்சி மருந்துக்கும் இருக்காது. கல்யாணம் நடக்குமா என்கிற இடத்தில் கத்தரி போட்டுவிடுவார்.

சோதித்துப் பார்க்க ஆள் வீட்டிலேயே இருந்தாள். மகள் பிளெசிக்கு இருபத்து நான்கு வயது, மென்பொருள் கம்பெனியில் வேலை. மல்காஜ்கிரி வீட்டுக் கணினியில் டிஸ்க்கைப் போட்டுவிட்டு, ஸ்டான்லி திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்ப்பார். மூன்று இடத்தில் சிரித்தால் டிரெய்லர் தேறிவிட்டது.

அப்படி முகம் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த வருஷம், 2009-இல், கண் எங்கே போயிற்றோ. ஆபீஸில் விஸ்வநாத் என்று ஒருவர் இருக்கிறார் என்று பிளெசி ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஸ்டான்லி கத்தவில்லை. மறுவாரம் பாளையங்கோட்டை வரனின் புகைப்படத்தை அவள் முன்னால் வைத்தார், அவ்வளவுதான். அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். சர்ச்சில் கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவதும் வாசித்துவிட்டால் தேதி உறுதி.

அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் புது டிரெய்லரோடு வந்தார். பிளெசி வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தாள். நாயகி விழுந்தாள், பிளெசி சிரித்தாள். ஹீரோ உளறினான், சிரித்தாள். அப்பா கத்துகிற இடத்திலும் சிரித்தாள்.

ஸ்டான்லிக்குத் திக்கென்றது. அப்பாவின் சத்தம் கேட்கவேயில்லையே. திரும்பினால் திரை கறுப்பாக இருந்தது. அந்தக் காட்சியைத் தயாரிப்பாளர் மாற்றச் சொல்லியிருந்தார். இவர் வெட்டி எடுத்துவிட்டு, மூன்று வினாடி வெறுமையாக விட்டிருந்தார். அவசரத்தில் முடிந்த டிஸ்க்குக்குப் பதில் அரைகுறை டிஸ்க்கை எடுத்து வந்துவிட்டார். ஒன்றுமில்லாத திரையைப் பார்த்து, எந்த இடத்தில் சிரிக்கவேண்டுமோ அந்த இடத்தில், பிள்ளை சிரித்திருக்கிறாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"பாகுந்தி டாடி, நல்லாருக்கு. ஹிட்டுதான்."

"இந்த மாப்பிள்ளை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு டாடி" என்று அதே சிரிப்போடு சொன்னாள்.

இனி எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான் வரும், பழக்கிவிட்டவர் அவரே. மனைவி எலிசபெத் கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்டான்லிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு ஆராதனையில் போதகர் மூன்றாம் ஓலையை வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றார். யாரும் சொல்வதில்லை, எனவே அவர் சும்மா ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவது வழக்கம்.

ஸ்டான்லி எழுந்து நின்றார்.

"ஐயா, தடை இருக்கு. நான்தான் சொல்லுதேன்."

"நீங்க பொண்ணோட அப்பா இல்லையா?"

"ஆமா ஐயா. அவளுக்குச் சம்மதமில்ல. அவ சொல்லமாட்டா."

சபை முழுக்கத் திரும்பியது. ஓலை வாசிப்பைக் கேட்க வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா முன்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார். எலிசபெத் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டான்லி பெண்கள் பக்கம் பார்த்தார். பிளெசி சிரிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் கண்ணை எடுக்காமல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.