நான் நின்றால் தோள் உயரம்

பல் மருத்துவமனையின் மாடியில் ஒரு நூலகம் இருப்பது கீழே பல் பிடுங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் அதைப் பற்றி விசாரிக்கும் நிலையில் இருப்பதில்லை. அங்கே முப்பத்தோரு வருடமாக ஒரே நூலகர். மருத்துவமனை முழுக்க அவரைப் 'பல்லு சார்' என்றுதான் கூப்பிடும். அவர் வாயில் மிச்சம் இருப்பது பதினெட்டு; அது வேறு கதை.

மொத்தம் இரண்டாயிரத்து முந்நூறு புத்தகங்கள், அத்தனையும் பல்லைப் பற்றியவை. கொறடு பிடிக்கும் முறை, தாடை எலும்புப் படங்கள், என்றைக்கோ செத்துப்போன மருத்துவர்களின் கையெழுத்துக் குறிப்புகள். அலமாரிகளுக்கு எண் கிடையாது. எதற்கு எண்? ஆள்தான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாரே! ஆனால் அந்த முப்பத்தோரு வருடத்தில் அவரிடம் புத்தகம் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லா நூலகங்களின் புத்தகங்களையும் ஒரே கூட்டுப் பட்டியலில் ஏற்ற வேண்டும்; எந்த ஊரில் இருக்கிறவரும் கணினியில் பார்த்துக் கேட்கலாம். பட்டியலில் தேறிய நூலகம் இருந்த இடத்திலேயே இருக்கும். தேறாதது பெட்டி கட்டப்பட்டு மையக் கிடங்குக்குப் போகும். கிடங்குக்குப் போன புத்தகம் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. கீழே மருத்துவர்கள் அதற்குள் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, அந்த அறையில் நாலு பல் நாற்காலி போடலாம் என்று அளந்தும் பார்த்துவிட்டார்கள்.

ஒன்றரை வருடம் ஒற்றை விரலால் தட்டினார். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் ஒவ்வொன்றாக ஏறின. 'இருக்கும் இடம்' என்ற கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார். பட்டியல் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"வேற ஒருத்தர் படிச்சாக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதுங்க சார், அது போதும்" என்றார் அங்கிருந்த அதிகாரி.

மனுஷன் அப்படியே எழுதினார். வஞ்சனை இல்லாமல் எழுதினார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு மூன்று நாள் முன்னால் அதே அதிகாரி சோதனை போட வந்தார். நெடுநெடுவென்று ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். விதி சுலபமானது. பத்துப் புத்தகம், ஒரு மணி நேரம். இந்த அறையில் வேலை பார்க்காத ஒருவர் பட்டியலை மட்டும் பார்த்து எட்டையாவது எடுத்துவிட வேண்டும். நூலகர் வெளியே போய்விட வேண்டும். மூச்சுக்கூட விடக் கூடாது. அதிகாரி தானே தேடுவதாகச் சொல்லிவிட்டார். பல்லு சார் வராந்தா பெஞ்சில், கன்னம் வீங்கிய ஒருவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே அதிகாரி திரையைப் பார்த்தார். 'சன்னலோரம். நான் நின்றால் தோள் உயரம்.' தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். அலமாரியில் அந்த உயரத்தில் பல்லிதான் இருந்தது. அடுத்தது: 'தும்மல் வரும் அலமாரி, அடித்தட்டு.' எல்லா அலமாரியும் தும்மல் வரவழைத்தது. 'எனக்குப் பிடிக்காத அலமாரி.' அதிகாரிக்கு எதுவுமே பிடிக்கவில்லை. அரை மணியில் ஒரே ஒரு புத்தகம் அகப்பட்டது. அதுவும் காலில் விழுந்ததால்.

"என்ன சார் எழுதி வெச்சிருக்கீங்க? என் தோளா, உங்க தோளா?" என்று வாசலில் வந்து கத்தினார்.

"நான்னு தெளிவா எழுதியிருக்கேனே" என்றார் பல்லு சார். சொல்லும்போதே தான் செய்த காரியம் அவருக்கு உறைத்துவிட்டது. முப்பத்தோரு வருடம் காப்பாற்றியதைத் தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டோமே என்று கண் கலங்கிற்று. பக்கத்தில் இருந்தவர், பல்வலி போலிருக்கிறது என்று நினைத்துத் தன் ஐஸ் கட்டியை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து பல்லு சாரின் மனைவி படியேறி வந்தார். கணவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்தவர், அந்த அறைக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை.

"நீங்க இங்க வேலை பார்க்கலையே? அப்ப நீங்களாவது முயற்சி பண்ணிப் பாருங்கம்மா" என்றார் அதிகாரி, சலித்துப்போய்.

அந்த அம்மாள் திரையைப் படித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வீட்டுல உப்பு எங்கேன்னு கேட்டாலும் இதே பாட்டுதான்! அவருக்குத் தோள்னா எனக்குக் காது" என்று சன்னலோரம் போய்க் காது மட்டத்தில் கை நீட்டினார். புத்தகம் வந்தது. அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், ஒன்று கிறீச்சிட்டது. "இதுதான் பிடிக்காதது. சத்தம்னா அவருக்கு ஆகாது." அதிலிருந்து இரண்டு. அடித்தட்டில் குனிந்து தூசியை ஊதி இன்னொன்று. இருபது நிமிடத்தில் ஒன்பது புத்தகங்கள் மேஜைக்கு வந்துவிட்டன.

பத்தாவதற்கு 'பத்திரமான இடம்' என்று இருந்தது.

"அதை விட்டுடுங்க சார். பத்திரமா வெச்சா அவருக்கே கிடைக்காது."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நூலகம் தேறிவிட்டது, அங்கேயே இருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: அலமாரிகளுக்கு எண் போட்டு, இந்த இரண்டாயிரத்து முந்நூறு தோளையும் தும்மலையும் ஆறு மாதத்துக்குள் மனுஷர் கண்டுபிடிக்கிற மாதிரி மாற்ற வேண்டும். அந்த வேலை அம்மாளுக்கு.

"நான் செய்யறேனே" என்றார் பல்லு சார்.

"நீங்க வேண்டாம் சார். கையெடுத்துக் கும்பிடறேன்."

மூன்று நாளில் அவர் வீட்டோடு ஆனார். அம்மாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனிதருக்கு ரோஷம், நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஐந்தாவது வாரம் ஒரு காலையில் போன் அடித்தது.

"ஏங்க, உங்க புத்தகம் ஒண்ணை வெளியூர் நூலகத்திலிருந்து கேட்டிருக்காங்க. ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்றாளாம், பட்டியல்ல பார்த்தாளாம். வேற எங்கயுமே இல்லையாம்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எது?"

அம்மாள் தலைப்பைச் சொன்னார். பால் பல் விழுவதைப் பற்றிய சின்னப் புத்தகம்.

"அதோட முதுகுத் தையல் விட்டுப்போயிருக்கும். மழையில நனைஞ்சு நான் விசிறிக் காயவெச்சது. நீ கட்டாதே, நான் வரேன்."

"எங்கிட்ட நூல் இருக்குங்க, கட்டத் தெரியும்."

"தெரியும்டி. ஒருத்தி கேட்டிருக்கா இல்ல? என் கையால கொடுத்து அனுப்பறேனே" என்றார்.

"சரி, வாங்க" என்றார் அம்மாள். "நீங்க வர்ற வரைக்கும் அதைத் தொட மாட்டேன்."