எனக்காக ஜெபிக்கிறார்களாம்

இன்று மத்தியானம் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் சாந்தியைப் பார்த்தேன். கை நிறைய பிஸ்கட் பாக்கெட்.

என் மனைவி எஸ்தர் எங்கள் வீட்டில் நடத்திவந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தை, அவள் இறந்த பிறகு சாந்திதான் தன் வீட்டில் நடத்துகிறாள்.

"ஸ்தோத்திரம்ண்ணா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. கூட்டம் நடக்குதா?"

"நடந்துக்கினுதான் இருக்குதுண்ணா. அக்கா இல்லாத வூட்டுல நாங்க வந்து குந்திக்கினா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் மாத்திட்டோம். ஆனா வாராவாரம் உங்களுக்காக ஜெபம் பண்றோம்."

நான் அந்தக் கூட்டத்தில் ஒருநாளும் உட்கார்ந்தவனில்லை. அடுப்படியில் டீ போடுவதுதான் என் ஊழியம். யாருக்குச் சர்க்கரை கூடாது, யார் ஜெபிக்க ஆரம்பித்தால் டீயை மறுபடி சுடவைக்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் கூட்டத்தை மாற்றியபோது டீ போட்டவனையும் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"எனக்காக என்னான்னு ஜெபம் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"தனியா கீறீங்களே, கர்த்தர் உங்களுக்குத் துணையா இருக்கணும்னுதாண்ணா."

கண் கலங்கித்தான் சொன்னாள். அவள்மீது எப்படிக் கோபப்படுவது?

சாயங்காலம் டீ போடப் போனவன், வெள்ளிக்கிழமைப் பழக்கத்தில் பெரிய பாத்திரத்தை எடுத்து எல்லாருக்கும் சேர்த்தே பால் ஊற்றிவிட்டேன்.

கர்த்தரை என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மூன்று தெரு தள்ளி உட்கார்ந்து கேட்பவர்களே, நீங்களே கொஞ்சம் வந்தால் ஆகாதா? டீ சூடாகத்தான் இருக்கிறது.