கூழன் சக்கை தேடிப் போனது

எங்கள் பக்கத்தில் பலாப்பழத்தைச் சக்கை என்போம். அதில் வருக்கை ஓர் இனம், கூழன் ஓர் இனம். வருக்கைச் சுளை கடித்தால் நறுக்கென்று இருக்கும். கூழனோ கையில் எடுத்தாலே வழுகி ஓடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலைச்சுமையில் தொடங்கி, களியக்காவிளையில் சொந்தமாகப் பழக்கடை போட்டு, லாரி லாரியாகக் கேரளத்துக்குச் சக்கை அனுப்பினேன். குலசேகரம் வட்டாரத்தில் எந்த மரம் என்ன காய்க்கும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் கடையில் கூழன் ஏறியதில்லை. வீட்டில் சொல்லவே வேண்டாம்.

போன மாசியில் என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி என்று கண்டுபிடித்து, ஆஸ்பத்திரியில் கதிர் பாய்ச்சிக் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது. ஆனால் வாயெல்லாம் புண். கஞ்சி இறங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும். ஆள் பாதியாகிவிட்டாள். அடுத்த தடவை வரும்போது எடை இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"குழாயோட என்னை ஒருத்தரும் பாக்கப்பிடாது. அதுக்கு முன்ன போய்ச் சேந்திரணும்" என்றாள் அவள், காற்றாய்ப் போன குரலில்.

மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து கொடுத்தேன். பால்குடிப் பிள்ளைக்குக் கொடுக்கிற பழம், அதுவே தொண்டையில் ஒட்டிக்கொண்டது. பப்பாளியைத் துப்பினாள். சந்தைக்கு வந்த முதல் வருக்கையில் நல்லதாகத் தட்டிப் பார்த்து எடுத்து, மிக்சியில் அடித்துக் கொடுத்தேன். என் கை பொறுக்கிய பழம் சோடை போனதில்லை. ஆனால் ஒரு திப்பி சிக்கி, இருமி இருமி அவள் முகம் நீலம் பாரித்தது. இருமல் அடங்கியதும் கேட்டாள்.

"கூழன் கெடைக்குமா? சின்னதுல அம்மை அதைத்தான் தேங்காப்பாலு விட்டுக் கரைச்சுத் தருவா."

"இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா என்னையும் லாரில ஏத்தி அனுப்பியிருப்பேளே."

திருவட்டாற்றில் ஒரு விதவையின் தோட்டத்தில், எங்கள் பேச்சில் விளையில், கூழன் மரம் ஒன்று உண்டு. காய் விலைக்குப் பிடிக்கப் போகும்போதெல்லாம் அதை வெட்டிப் பலகை போடச் சொல்லிவிட்டு வருவேன். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கோடாலியும் கொண்டாந்தேளா அண்ணாச்சி? கூழன் யாருக்கு, மாட்டுக்கா?"

"எனக்க வீட்டுக்காரிக்கு. வேற ஒண்ணும் எறங்கல."

சிரிப்பு நின்றுவிட்டது. "மரத்துல கெடக்கது முழுசும் உங்களுக்குத்தான். அணிலு விட்டு வச்சா."

கூழனைத் தானாக விழ விடக்கூடாது. விழுந்தால் சிதறிவிடும். முள் அகன்று, தட்டினால் சத்தம் பொத்தென்று கேட்கிற காயாகப் பார்த்துக் கயிறு கட்டி இறக்கினேன். சாக்கில் பொதிந்து அடுக்களை மூலையில் வைத்தேன். மணம் வந்ததும் கையாலேயே பிளந்து, துணியில் நார் போகப் பிழிந்து, தேங்காய்ப்பால் சேர்த்தேன். இதையெல்லாம் மருமகளிடம் விடவில்லை.

முதல் கரண்டியை விழுங்கும்போது அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எறங்குச்சா?"

அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தாள். அரை டம்ளர் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் குடித்தாள். வைகாசி முழுவதும் அதுதான் ஆகாரம்.

ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. காய்கள் நீர் கோத்து மரத்திலேயே வெடித்தன. "தண்ணியாட்டு இருக்கு" என்று அவள் டம்ளரைத் தள்ளினாள். மிச்சம் நன்றாக இருந்த சாற்றை மருமகள் சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். உறைய வைத்ததைத் தின்கிறவர்களை நான் கேலி செய்வேன். இப்போது கரண்ட் போனால் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் போய்த் தொட்டுப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். கூடவில்லை, குறையவும் இல்லை. "குழாய் இப்போதைக்கு வேண்டாம், ஆவணியில பார்ப்போம்" என்றார் டாக்டர். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இப்போதைக்கு என்று அவர் சொன்னது எனக்குத்தான் கேட்டது போலிருக்கிறது.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள். "மரத்துல இன்னும் கெடக்கா?"

"கெடக்கு. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்து உறங்கிவிட்டாள். திருவட்டாற்று மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே, மலையோரத்தில் பிந்திக் காய்க்கும் மரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வருக்கை, வருக்கை, வருக்கை.