டொக்டர் அவளிடம் கேட்ட கேள்வி

என் மனைவி றிஸானாவின் மார்பில் இருப்பது புற்றுநோய் என்று ஊர் டொக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. இன்னொருவர் பார்த்தால் இல்லையென்பார் என்ற நப்பாசையில், கற்பிட்டியிலிருந்து கொழும்புப் பக்கம் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

பெரிய டொக்டர் சிங்களவர். அவளுக்குச் சிங்களம் வராது. எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். கட்டி எப்போதிருந்து என்றதற்கு, இரண்டு மாதம் என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பி, தெரிந்த தமிழில் கேட்டார். "நீங்க சொல்லுங்க. எப்ப இருந்து?"

"போன நோன்புக்கு முந்தி, சேர். ஒரு வருசமாகப் போகுது. இவங்கக்கிட்ட சொன்னேன். சூட்டுக்கட்டி, தானாப் போயிரும் எண்டாங்க."

எனக்கு மெல்லத்தான் நினைவு வந்தது. கரையில் போட் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து சொன்னபோது தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

முதல் டொக்டர் சொன்னது சரிதான் என்றார் இவரும். முந்தியே வந்திருந்தால் இவ்வளவு பெரிய ஒப்பரேஷன் தேவைப்பட்டிருக்காதாம்.

வெளியே வந்ததும், "திரும்ப ஒருக்காச் சொல்லியிருக்கலாமே, புள்ள?" என்றேன்.

"நீங்க சொன்னதை நம்பிட்டேன்" என்றாள்.

ஒப்பரேஷன் முடிந்து இப்போது தேறி வருகிறாள். இன்றுவரை என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.