பிளாப்பியில் ஏறாத முகம்

ஆவடியில் புதிய ராணுவச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கடையின் உரிமையாளரும் அதே தொழிற்சாலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர்தான். அவரை சார் என்று கூப்பிடுவேன். கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு லேசர் பிரிண்டர். இயக்க ஆள் நான் ஒருத்தி.

கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள், பிட் நோட்டீஸ் என்று வேலை வரும். இவற்றோடு கண்ணீர் அஞ்சலியும் வரும். நான் பக்கத்தை வடிவமைத்துக் கொடுத்தால் கீழ்த்தெரு அச்சகத்தில் அடிப்பார்கள். கல்யாணக்காரர்கள் மூன்று முறை வந்து எழுத்தை மாற்றச் சொல்வார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எதையும் மாற்றச் சொல்வதில்லை. காட்டியதும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பட்டாபிராமிலிருந்து அந்த மனிதர் வந்தது ஒரு மதியம். ஐம்பது வயதிருக்கும். ரயில்வே சைடிங்கில் வேகனிலிருந்து சரக்கு இறக்கும் வேலை பார்ப்பவர். அவருடைய பத்தொன்பது வயதுப் பெண் நான்கு நாள் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்தவள். காரியப் பத்திரிகையில் படம் போட வேண்டும் என்றார். சட்டைப் பையிலிருந்து அவள் கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"இத்த வுட்டா வேற போட்டோ இல்லம்மா. இருந்ததெல்லாம் மழைத் தண்ணி ஊட்டுக்குள்ள பூந்தப்ப ஊறிப் போச்சு. கார்டையும் கம்பெனியில திருப்பிக் கேக்கறாங்கோ."

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய படம். கன்னத்திலும் கழுத்திலும் கம்பெனி முத்திரையின் ஊதா வளையம் விழுந்திருந்தது. ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினேன். அந்த வளையத்தைப் புள்ளி புள்ளியாக அழிக்க மதியம் முழுக்க ஆனது. பக்கத்துக் கன்னத்திலிருந்து தோலை எடுத்து முத்திரை இருந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒரு முகத்தோடு அவ்வளவு நேரம் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் படம் எடுப்பவர் ஏதோ சொல்லி, சிரிப்பு வரப்போகிற நேரத்தில் எடுத்தது போல இருந்தது. ஒரு புருவத்துக்கு மேலே சின்னக் கோடு ஒன்று தெரிந்தது.

"இது கறையா ஐயா, அழிச்சிடட்டுமா?"

"தழும்பும்மா. சின்ன வயசுல பைப்பாண்ட வுழுந்துட்டா. அது இருக்கட்டும்."

அப்போது எங்கள் கம்ப்யூட்டரில் கோப்புகளுக்கு எட்டு எழுத்துக்குள்தான் பெயர் வைக்க முடியும். அஞ்சலி என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. மிச்சம் இரண்டு இடத்தில் எண். அவளுடைய கோப்பின் எண் பதினேழு. பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தோம். அட்டையைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு அவர் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்துத்தான் சிஸ்டத்தை மாற்றுகிற பேச்சு வந்தது. எங்களுடையது பழைய மெஷின். அதில் இருந்தது டாஸும் அதன் மேல் ஓடுகிற பழைய விண்டோஸும். வாடிக்கையாளர்கள் வேறு இடத்தில் செய்து பிளாப்பி டிஸ்க்கில் கொண்டுவருபவை எங்களிடம் திறக்கவில்லை. புதுத் தமிழ் எழுத்துருக்களும் புதிய விண்டோஸில்தான் வேலை செய்யும் என்றார்கள். புது மெஷின் வாங்குவதற்குப் பதில் இதிலேயே மெமரியைக் கூட்டி, புதியதை ஏற்றிவிடலாம் என்று சார் முடிவு செய்தார். முகப்பேரிலிருந்து ஒரு டெக்னீஷியனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார். அன்று சாருக்கு ஐயப்பன்தாங்கலில் உறவுக்காரர் கல்யாணம். சாவியை என்னிடம் கொடுத்து, "வேணுங்கறதை எடுத்து வெச்சுக்கோம்மா. உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெக்னீஷியன் என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். காலையிலேயே வந்து பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, மெமரியைச் செருகி, புது விண்டோஸை ஏற்ற ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"ஹார்ட் டிஸ்க் ஃபுல்லா இருக்கு மேடம். பழசு மேலயே போட்டா நிக்காது. சுத்தமா ஃபார்மேட் பண்ணிட்டுப் போட்டாதான் சரியா ஓடும். வேணுங்கறதை பிளாப்பில எடுத்துக்கங்க."

கடையில் இருபது பிளாப்பி இருந்தது. அவற்றில் மூன்று கெட்டுப்போனவை. கல்யாணப் பத்திரிகை பார்டர்கள், பிள்ளையார், மயில், நாதஸ்வரம், பள்ளிக்கூடங்களின் கேள்வித்தாள்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் மூன்று பிளாப்பி மிஞ்சியது. அஞ்சலி என்று தொடங்கும் கோப்புகள் இருபத்தாறு. படங்கள் பெரியவை, ஒரு பிளாப்பியில் ஒரு முகத்துக்கு மேல் கொள்ளாது.

அவர் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் வேணுமா மேடம்? வேணும்னா சொல்லுங்க, நாளைக்குக்கூட வரேன். இன்னிக்கி கடையெல்லாம் மூடியிருக்கு. நாளைக்கு பிளாப்பி வாங்கி வெச்சிடுங்க."

நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை அவசர வேலை எதுவும் இல்லை. எனக்குப் புதுத் திரையைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். தோழி வேலை பார்த்த சென்டரில் அதைப் பார்த்திருந்தேன். அந்த நீல வானமும் மேகமும் அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் கடையிலும் வந்துவிட வேண்டும் என்று ஆசை. செத்தவர்களுக்காக இரண்டாம் முறை யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வேணாம். முடிஞ்சு போன வேலைதான்" என்றேன். மிஞ்சிய மூன்று பிளாப்பியிலும் இன்னும் சில பார்டர்களை ஏற்றினேன்.

உறுதியா என்று மெஷின் கேட்டது. டெக்னீஷியன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஒன்று, இரண்டு என்று சதவீதம் ஏற ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டும்போது அந்தப் புருவத்தின் மேல் இருந்த கோடு ஞாபகம் வந்தது. ஏன் அது மட்டும் வந்தது என்று தெரியவில்லை. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். நிறுத்தினாலும் பயனில்லை என்று எனக்கே தெரிந்திருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். சாயங்காலம் மேகம் வந்தது. இனிமேல் கோப்புகளுக்கு எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம் என்று அவர் செய்து காட்டினார்.

ஏழு மாதம் கழித்து அந்த அப்பா மறுபடி வந்தார். மாடிப்படி ஏறிய களைப்போடு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வருஷம் திரும்புது பாப்பா. நினைவஞ்சலி அடிக்கணும். அவ அம்மா பெருசா ஒரு படமும் கேக்குறா, ஊட்டுல மாட்ட. உங்கிட்டதான் கீதே."

"கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆயிடுச்சு ஐயா. எல்லாம் போயிடுச்சு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இதானே அது?"

"அதேதான். உள்ள எல்லாம் மாத்தினோம்."

டெக்னீஷியனுக்கு போன் போட்டேன். "ஏழு மாசமா அது மேல எழுதிட்டே இருக்கீங்க மேடம். இனிமே அங்க ஒண்ணும் இருக்காது" என்றார். கீழ்த்தெரு அச்சகத்தில் கேட்டேன். பழைய நெகட்டிவ்களை அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. கம்பெனியில் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டதாக அந்த அப்பா விசாரித்துவிட்டு வந்து சொன்னார். மறுநாள் வீட்டிலிருந்து காரியப் பத்திரிகை ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். நாலாக மடித்தது. மடிப்பு சரியாக மூக்கின் மேல் விழுந்து, மை உதிர்ந்திருந்தது.

அச்சில் ஏறிய படம் வெறும் புள்ளிகள்தான். ஸ்கேன் செய்தபோது முகத்தின் மேல் கொசுவலை போர்த்தியது போல வந்தது. மங்கலாக்கியதும் வலை போயிற்று, கண்ணும் சேர்ந்து போயிற்று. பிறகு வேறு வழியில்லாமல் நானே வரைய ஆரம்பித்தேன். அவர் ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூக்கு இப்படி இல்லம்மா."

"எப்படி ஐயா இருக்கும்?"

"சொல்லத் தெர்லயே. பாத்தா சொல்லுவேன்."

ஒவ்வொரு மூக்காகக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை அசைத்து, கடைசியில் ஒன்றுக்கு, "கிட்ட வருது" என்றார். தழும்பு எந்தப் பக்கம் என்று நான் கேட்டபோது தன் கையைத் தூக்கி இடது புருவத்தைத் தொட்டார். உடனே வலது புருவத்தைத் தொட்டார். அப்புறம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கும் நிச்சயமில்லை. இடது பக்கம் போட்டேன். வரப்போகிற சிரிப்பை உதட்டில் கொண்டுவர முயன்றேன். அது வரவில்லை, வேறொரு சிரிப்பு வந்தது.

முடித்துக் காட்டியதும் அவர் எழுந்து நின்று பார்த்தார். "சொந்தக்காரப் பொண்ணு மாரி கீறா" என்றார் மெதுவாக. பிறகு, "இருக்கட்டும். இதையே போடு. அவ அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்தார். கூட யாரும் இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, யாரென்று சொல்லிக்கொண்டார். படத்தை மாட்டியாகிவிட்டது என்றார். அவருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. என்னைப் பார்த்ததிலேயே அது புரிந்தது.

"இதுக்குள்ளதான் இருந்தாளா?" என்று மானிட்டரைக் காட்டினார்.

மானிட்டர் இல்லை, கீழே இருக்கிற பெட்டி என்று காட்டினேன். அவர் குனிந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பெட்டி சூடாக இருந்திருக்கும். கையை எடுக்கவே இல்லை.

அப்போது சொன்னேன். ரிப்பேர் எதுவும் ஆகவில்லை, நான்தான் வேண்டாம் என்று விட்டேன், ஒரு நாள் பொறுத்திருந்தால் எடுத்து வைத்திருக்கலாம் என்று முழுக்கச் சொன்னேன். அழுகை வரவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "எத்த எட்து வெச்சே?" என்றார்.

"கல்யாணப் பத்திரிகை பார்டர்ம்மா. பூ, மயில் இந்த மாதிரி."

"அதுவும் வேணும்தானே" என்றார்.

குத்திக் காட்டச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வாசலில் நின்று, "அந்தப் பொண்ணு யாரோ எவளோ. ஆனா நல்லாத்தான் கீறா. தெனிக்கும் பூ வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு முகத்தையும் தனித்தனி பிளாப்பியில் எடுத்து, முழுப் பெயரும் ஊரும் எழுதி, ஷூ டப்பாவில் அடுக்கி வைத்தேன். ஏன் இவ்வளவு டிஸ்க் என்று சார் கேட்டார். காரணத்தைச் சொன்னதும் மறுபடி கேட்கவில்லை.

அவளுடைய உண்மையான முகம் எனக்கு மறந்துபோய்விட்டது. நினைக்க உட்கார்ந்தால் நான் செய்த முகம்தான் வருகிறது. அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்து ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுகிற கூட்டத்தில் அந்த முகத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஆவடியில் இறங்காமல் அவள் பின்னாலேயே பட்டாபிராம் வரைக்கும் போனேன். பிளாட்பாரத்தில் அவள் திரும்பி, "இன்னாக்கா, எதுனா வேணுமா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எதிர்வண்டிக்குக் காத்திருந்தேன்.

இரண்டாம் வருஷ நினைவஞ்சலிக்கு அவர்கள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தேன். பத்திரிகைக்கும் நோட்டீஸுக்கும் வந்தவர்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள்.