பருத்திக் கிட்டங்கியில் பீடி

அடுத்தவன் வாயிலிருந்து பீடியைப் பிடுங்குவதைப் போல நன்றிகெட்ட வேலை உலகத்தில் வேறு கிடையாது. வீட்டில் யாரையாவது பீடியை விடச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். ஐம்பதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் எனக்குப் பிழைப்பே அதுதான். தலையில் அடிபட்டு, சொந்தபந்தம் கைவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கிடந்த இளவட்டங்களைப் பருத்தி வியாபாரி காதர் மைதீன் பஞ்சு அடுக்கிவைக்கும் தன் கிட்டங்கியின் பக்கத்து அறையில் தங்கவைத்திருந்தார். அவர்களைப் பார்த்துக்கொள்ள நான். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. உள்ளே ஒரு பீடி எரிந்தாலும் அத்தனை பேரும் மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டியதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கூரைவரை பஞ்சுப் பொதி.

இசக்கியின் கை

இசக்கிமுத்து லாரி கிளீனர். கயத்தாறு பக்கம் ஓடுகிற லாரியிலிருந்து விழுந்தவன். காலையில் நடந்தது மத்தியானம் ஞாபகம் இருக்காது. அதை வைத்தே நான் ஒரு தந்திரம் செய்தேன். பீடி கேட்கும்போதெல்லாம், "நீதான் பீடிய விட்டுட்டியே" என்பேன். "அப்படியா? நல்லதுதான்" என்று போய்விடுவான். இவ்வளவு லேசான வேலைக்கா சம்பளம் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒருநாள் பார்த்தால், கிட்டங்கிக்கு வெளியே குத்தவைத்துப் புகைவிட்டுக்கொண்டிருக்கிறான். பிடுங்கி எறிந்துவிட்டு, "நீதான் விட்டுட்டியேலே!" என்று கத்தினேன். துளிக்கூடக் கோபமில்லாமல் அவன் சொன்னது: "விட்டது ஞாபகம் இல்ல அண்ணாச்சி, குடிச்சது மட்டும் கைக்கு ஞாபகம் இருக்கு."

சந்தைக் கூலி

சரி, பீடி எங்கிருந்து வருகிறது? ஒருநாள் இசக்கி பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சந்தையில் வண்டிக்காரர்கள் எங்கள் ஆட்களை மூட்டை தூக்கவிட்டு, கூலிக்குப் பதிலாகப் பீடியை நீட்டிக்கொண்டிருந்தார்கள். முதுகு ஒடியச் சுமந்ததற்கு ஒரு பீடி! சண்டைக்குப் போனேன். ஒரு வண்டிக்காரர் நான் கோபப்படுவது எதற்கென்றே விளங்காமல் முழித்தார்: "காசு குடுத்தா தொலைச்சிருவான், பீடின்னா வாயில வச்சுக்கிடுவான்லா? நாங்க நல்லதுதான செய்யுதோம்!"

கடைக் கயிறு

தெருவுக்குத் தெரு தீப்பெட்டி செய்கிற ஊரில், வாசலில் நின்று ஒவ்வொருவர் மடியையும் தடவித் தீப்பெட்டியைப் பிடுங்கிவைப்பேன். சங்கரனையும் அப்படித்தான் தடவி அனுப்பினேன். கிணறு வெட்டும்போது தலையில் கல் விழுந்தவன். நினைத்ததை அப்போதே செய்தாகவேண்டும்.

கொஞ்ச நேரத்தில் தேங்காய்நார் கருகும் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்கத் தொங்கவிடுவார்களே, அந்தக் கயிற்றின் நுனியை அறுத்து, கனலோடு கொட்டாங்கச்சிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். வைத்திருந்தது பொதிச் சுவரின் ஓரத்தில்! வெறுங்காலால் மிதித்தேன். கால் சுட்டதுகூட அப்புறம்தான் தெரிந்தது. சங்கரனுக்கோ என்மேல் வருத்தம்: "தீப்பெட்டிதான கொண்டுவரக் கூடாதுன்னிய, கயித்தச் சொல்லலியே?"

வாசல் காவல்

பிறகு சங்கரனையே வாசலில் நிறுத்தினேன். நெருப்போடு யார் வந்தாலும் பிடுங்கி மிதித்துவிட வேண்டும் என்று உத்தரவு. அதற்குள் கயிறு விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. எல்லோரையும் வெளியேற்ற அவரே வந்தார். வந்த கோபத்தில் உதட்டிலிருந்த சிகரெட்டை மறந்து உள்ளே காலை வைத்தார்.

சங்கரன் பாய்ந்தான். சிகரெட்டை அவர் உதட்டிலிருந்தே பிடுங்கி, தரையில் போட்டு மிதிமிதியென்று மிதித்தான். அந்த மனிதர் முன்னால் ஊர்ப் பெரியவர்களே தோளில் துண்டு போட மாட்டார்கள். தொலைந்தோம், இனி பஸ் ஸ்டாண்டுதான் என்று நினைத்தேன். முதலாளி நசுங்கிய சிகரெட்டைப் பார்த்தார். பொதிச் சுவரைப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது. சங்கரனிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏலே, மண்டையில அடிபட்டது ஒனக்கா எனக்கா? எல்லாரும் இங்கனயே கெடங்கலே."

எங்கள் ஆட்கள் விடுவதும் தொடுவதுமாகவே இருக்க, நான் பட்ட பாட்டுக்கெல்லாம் புகையை அடியோடு விட்ட ஒரே ஆள், தலையில் ஒரு கீறல்கூடப் படாத எங்கள் முதலாளிதான்.