ஊரே காறித் துப்பிய படம்

ஊரே காறித் துப்பிய அந்தப் படத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ் ஏறினேன். தெலுங்குக் காமெடிப் படம். சித்தூரில் நாலே நாளில் தூக்கிவிட்டார்கள். திருப்பதியில் ஒரே ஒரு தியேட்டரில் மதியக் காட்சி மட்டும் மிச்சமிருந்தது.

போக வேண்டாம் என்று மனைவி போனிலேயே சொல்லியிருந்தாள். மகளின் பிரசவத்துக்காக பெங்களூரு போனவள், போய் ஐந்து மாதமாகிறது. "யூடியூப்ல எல்லாரும் கழுவிக் கழுவி ஊத்தறாங்க. ஒருத்தன் பாதியில எழுந்து வந்துட்டேன்றான். சும்மா வீட்ல இருங்க." அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. ஐந்து மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். மிக்சி சத்தம்கூட இல்லாத வீட்டில் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் இருப்பான்? தனியாக இருக்க முடியவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது?

என் ஊர் வேலூர் பக்கம். சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்து வந்தபோது எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. அவள் ஆந்திர எல்லையோரத்து நகரி ஊர்க்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனால் என் காதருகே வந்து வசனத்தைத் தமிழில் சொல்வாள். தியேட்டரே சிரித்து முடித்த பிறகு நான் மட்டும் தனியாகச் சிரிப்பேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்று வருடத்தில் எனக்குத் தெலுங்கு வந்துவிட்டது. லாரி டிரைவர்களோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டேன். ஆனால் தியேட்டருக்குள் மட்டும் ஒன்றும் தெரியாதவனாகவே இருந்தேன். "சண்டை போடற தெலுங்கு வேற, சிரிக்கற தெலுங்கு வேற" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். வருகிற சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன். அவள் மூச்சு காதில் படுமென்றால் எப்பேர்ப்பட்ட மொக்கைப் படத்தையும் பார்க்கலாம்.

அன்று அரங்கில் என்னையும் சேர்த்து ஆறு பேர். அதில் ஒருவர் ஏசிக்காக வந்து தூங்கிக்கொண்டிருந்தார். இடப்பக்க சீட்டு எப்போதும் அவளுக்கு. அதில் என் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

படம் நன்றாகத்தான் இருந்தது. கதை இல்லை, வாஸ்தவம். காமெடிப் படத்தில் கதையைத் தேடுகிறவன் பாயசத்தில் மிளகாயையும் தேடட்டும். ஒரு வீட்டில் திருட வந்தவனைப் புருஷனும் பெண்டாட்டியும் பிடித்து நடுவில் உட்காரவைத்து, தப்பு யார் மேல் என்று பஞ்சாயத்துக் கேட்கிறார்கள். இரண்டு பேர் புலம்பலையும் கேட்டு நொந்துபோன திருடன், தன் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, இனிமேல் நீ வைக்கிற உப்பில்லாத ரசத்தைக்கூடக் குறை சொல்லமாட்டேன் என்று அழுகிறான். நான் வாய்விட்டுச் சிரித்தேன், யாருக்கும் காத்திருக்காமல். சிரித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பினேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் படத்தில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"இன்னாங்க, துன்னீங்களா? எங்க கீறீங்க, ஒரே சத்தமா கீது?"

உண்மையைச் சொன்னேன்.

"சொல்லச் சொல்லக் கேக்காம போனீங்களா? எப்டி கீது படம்?"

"ஒண்ணும் புரியல. நீ இல்லாம எனக்கு இன்னா புரியும்?"

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். "ஆனா ஒரு திருடன் வரான் பாரு..." என்று ஆரம்பித்து, அந்தக் காட்சியை ஒரு வசனம் விடாமல் தமிழில் சொன்னேன். உப்பில்லாத ரசம் வந்ததும், கொஞ்சம் பொறுத்து, அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. பேரன் எழுந்துவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"ஒண்ணும் புரியலன்னீங்க?"

முப்பது வருடக் குட்டு பஸ் ஸ்டாண்டில் உடைந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவ்ளோத்தையும் காதுல சொல்றதுக்கு, பக்கத்துல யாருங்க இருந்தாங்க?"

"யாருமில்ல," என்றேன். "உன் சீட்ல பைய வெச்சிருந்தேன்."